கதவு பூட்டியிருந்ததாம்!



வாசலிலே வாழைமரம் நிற்கிறது. தெருவை அடைத்துப் பந்தல். பந்தலுக்குள்ளே பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். கொல்லைப்புறத்திலே கோட்டை அடுப்பு எரிகிறது. காய் நறுக்குவோர் மட்டும் எட்டுப் பேர். ஒலிபெருக்கி ஊரையே கூட்டுகிறது. விடிந்தால் மணம். சேலத்திலே, சென்ற வைகாசித் திங்களிலே, ஒரு வீடு இருந்த நிலை இது.

அந்த வீட்டைப் பற்றி அன்று பிற்பகல் 3 மணி 40 நிமிடத்துக்கு ஒரு பார்சல் நிறுவனத்தின் கணினி ஏட்டிலே ஒரு குறிப்பு ஏறியது. என்ன குறிப்பு தெரியுமா? “கதவு பூட்டியிருந்தது. பெறுநர் இல்லை.”

சிரிப்பு வருகிறதல்லவா? எனக்கும் வந்தது, கதையின் மறுபாதியைக் கேட்கும் வரையில்.

ஆரணியிலே பொதுக்கூட்டம் முடிந்து மேடையைவிட்டு இறங்கினேன். மாலைகளையும் கைத்தறித் துண்டுகளையும் தோழர்கள் வாங்கி வைத்துக்கொண்டிருந்த நேரம். ஐம்பதைக் கடந்த நெசவாளர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். துண்டு போர்த்த வரவில்லை. மடித்து மடித்து நைந்துபோன காகிதம் ஒன்றை நீட்டினார். “தம்பி, இதிலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள்” என்றார்.

வாங்கிப் பார்த்தேன். பார்சல் அனுப்பியதற்கான இரசீது. முன்பக்கம் அவருடைய கையெழுத்து. பின்பக்கம் ஆங்கிலம், எறும்பு ஊர்ந்த தடம்போல் எழுத்து. கல்லூரியைப் பாதியிலே விட்டுவந்த எனக்குத்தான் அது விளங்கவில்லையோ என்று எண்ணி, உடன் வந்த வழக்கறிஞர் தோழரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், செல்பேசியின் வெளிச்சத்தை அடித்தார்; பிறகு படித்தார். பொருள் இதுதான்: “இழப்பு எதுவாயினும், காரணம் எதுவாயினும், நிறுவனத்தின் பொறுப்பு ஏற்றுக்கூலித் தொகைக்கு மேற்படாது.”

ஏற்றுக்கூலி எவ்வளவு? 180 ரூபாய். பார்சலுக்குள்ளே இருந்தது என்ன? கோர்வைக் கரை போட்ட பட்டுப்புடவை. விலை எவ்வளவு? 22,000 ரூபாய்.

அந்தப் புடவையைக் கூட்டுறவுச் சங்கத்துக்காக அவர் நெய்யவில்லை, கடைமுதலாளிக்காகவும் நெய்யவில்லை. கடன் வாங்கிப் பட்டும் சரிகையும் எடுத்து, சொந்தத் தறியிலே, சொந்தப் பொறுப்பிலே நெய்தார். அவர் நடுவிலே நெய்ய, ஓரத்திலே அமர்ந்து கரைக்கு நாடா போட்டவர் அவருடைய மனைவி. செல்பேசியிலே படத்தைப் பார்த்து, மணமகளின் தந்தை பணம் அனுப்பினார். இடைத்தரகன் இல்லாமல் விற்ற முதற்புடவை அது! உழைத்தவன் கைக்கே விலை வந்து சேர்ந்த முதல் மகிழ்ச்சி அது!

அந்தப் புடவைக்குத்தான் பந்தல் போட்ட வீட்டிலே கதவு பூட்டியிருந்தது. பிறகு பதினொரு நாள் “வழியில் உள்ளது” என்றார்கள். பன்னிரண்டாம் நாள் “கண்டறிய இயலவில்லை” என்றார்கள். மணமகள் வேறொரு புடவையிலே மாலை சூடினாள். நெசவாளர், மனைவியின் கழுத்திலிருந்ததை அடகுக்கடையிலே வைத்து, வாங்கிய பணத்தை வாங்கிய இடத்துக்கே திருப்பி அனுப்பினார். அவருக்கு நிறுவனம் தர முன்வந்த தொகை 180 ரூபாய்.

தோழரே, அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்கக்கூடும். சொல்லப்போவதில்லை. ஒரு பெயரைச் சொன்னால் அந்தப் பெயரோடு கதை முடிந்துபோகும். ஒரு நிறுவனம் கெட்டது, மற்றவை நல்லவை என்று நாட்டார் நிம்மதியாக உறங்கப் போவர். என் வழக்கு ஒரு நிறுவனத்தின் மீது அன்று. பொருளைத் தொலைத்தவன் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று எழுதிவைத்திருக்கும் ஒரு கொள்கையின் மீது! அந்தக் கொள்கைக்குத் தாய்வீடு எது தெரியுமா? தனியார் கிடங்கு அன்று; டில்லிச் சட்டப் புத்தகம்!

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். “கதவு பூட்டியிருந்தது” என்று பொய் எழுதிய அந்தப் பையனைப் பிடித்துக் கட்டிவைத்து உதைக்க வேண்டும் என்பார் சிலர். அந்தப் பையன் யார்? முதுகிலே மூட்டை, கையிலே செல்பேசி, வண்டிக்குச் சொந்தப் பணத்திலே எண்ணெய், வெயிலுக்கு ஒரு துண்டு. கொண்டு சேர்த்த பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி. சேராததற்குக் கூலி இல்லை. மாலைக்குள் எல்லாப் பார்சலுக்கும் ஏதாவது ஒரு முடிவு ஏட்டிலே ஏறியாக வேண்டும். “நேரம் போதவில்லை” என்று எழுத அந்தக் கருவியிலே இடம் இருக்கிறதா? “சுமை மிகுதி” என்று எழுத இடம் இருக்கிறதா? “கதவு பூட்டியிருந்தது” என்று எழுதத்தான் இடம் இருக்கிறது. விரல் அவனுடையது, பொய்யை அச்சடித்து வைத்தவர்கள் வேறு!

இந்த வகைத் தொழிலாளர் 2020-21-ஆம் ஆண்டிலே 77 இலட்சம் பேர் என்றும், 2029-30-இல் 2 கோடியே 35 இலட்சம் பேர் ஆவர் என்றும் நிதி ஆயோக் 2022-இல் கணக்குச் சொன்னது. 2020-இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. விபத்துக்கும் முதுமைக்கும் அதிலே வழி சொல்லியிருக்கிறார்கள், நல்லது. ஆனால் ஒரு பார்சலுக்கு இவ்வளவுக்குக் குறையாத கூலி, ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மிகாத சுமை என்று எழுதினார்களா? இல்லை. கூலியைத் துண்டுதுண்டாக்கினால் கடமையும் துண்டுதுண்டாகும். இதைக் காண பொருளாதாரப் பட்டம் வேண்டியதில்லை. தறிக்குழியிலே அமர்ந்திருப்பவனுக்குத் தெரியும்.

சரி, சட்டத்துக்கு வருவோம்.

1898-ஆம் ஆண்டு, துரைமார் ஆட்சி. இந்திய அஞ்சலகச் சட்டம் என்று ஒன்றை இயற்றினார்கள். அதன் 6-ஆம் பிரிவு என்ன கூறிற்று? அஞ்சலிலே செல்லும் பொருள் தொலைந்தாலோ, தவறான இடத்திலே சேர்ந்தாலோ, தாமதமானாலோ, சேதமானாலோ சர்க்காருக்குப் பொறுப்பில்லை. சர்க்கார் தானே வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட அளவுக்குத்தான் பொறுப்பு என்றது. அலுவலரும், மோசடியாகவோ வேண்டுமென்றோ செய்திருந்தாலன்றிப் பொறுப்பாளியாகார் என்றது.

ஆண்டவன் அயலான், ஆளப்பட்டவன் அடிமை. அடிமையின் மூட்டை தொலைந்தால் ஆண்டவனுக்கு என்ன? அந்தச் சட்டம் அப்படித்தான் இருக்கும். அதிலே வியப்பில்லை.

வியப்பு எங்கே இருக்கிறது? நாடு விடுதலை பெற்றது. கொடி மாறியது, அஞ்சல் தலையிலிருந்த அரசர் முகம் மாறியது, 1972 ஆகஸ்ட் 15 முதல் ஊருக்கெல்லாம் ஆறு இலக்கக் குறியீட்டெண்ணும் வந்தது. 6-ஆம் பிரிவு மட்டும் மாறவில்லை! வழக்கு மன்றத்துக்குப் போனவர்கள் இருந்தார்கள். 1980-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: அஞ்சலகம் பொதுச் சரக்கேற்றுநர் அன்று; அனுப்புகிறவரின் முகவரும் அன்று; சட்டத்துக்கும் விதிகளுக்கும் உட்பட்டு நடக்கும் பொதுச்சேவையின் ஒரு கிளை. நீதிமன்றத்தைக் குறைகூற மாட்டேன். சட்டத்திலே எழுதியிருப்பதைத்தானே நீதிபதி படிக்க முடியும்?

அந்தச் சட்டத்தின்கீழ் ஒரு விதி இருந்தது. விரைவு அஞ்சல் தொலைந்தால் இழப்பீடு எவ்வளவு? கட்டணத்தைப்போல் இருமடங்கு, அல்லது 1000 ரூபாய்; இவற்றிலே எது குறைவோ அது! கவனியுங்கள் தோழரே, “எது குறைவோ அது.” வரி கேட்கும்போது எது மிகுதியோ அதைத் தேடுகிறவர்கள், இழப்பீடு தரும்போது எது குறைவோ அதைத் தேடிப் பிடித்தார்கள்.

125 ஆண்டு கழிந்தது. 2023-ஆம் ஆண்டு வந்தது. “காலனியாட்சிக் காலத்துச் சட்டங்களைக் களைகிறோம், அடிமைச் சின்னங்களை அகற்றுகிறோம்” என்று டில்லியிலே பேரிகை முழங்கிற்று. அஞ்சலகத்துக்குப் புதுச்சட்டம் வந்தது. 2023 டிசம்பர் 4 அன்று மாநிலங்களவையிலும், டிசம்பர் 18 அன்று மக்களவையிலும் நிறைவேறியது. 2024 ஜூன் 18 முதல் நடப்புக்கு வந்தது. ஆகா, 6-ஆம் பிரிவுக்குச் சாவு மணி அடித்தார்கள் என்று புதுச்சட்டத்தைப் புரட்டினால், 10-ஆம் பிரிவு என்று புதுப்பெயர் சூடிக்கொண்டு அது உயிரோடு அமர்ந்திருக்கிறது! வேறு எந்தச் சட்டத்திலே என்ன சொல்லியிருந்தாலும், விதித்து ஏற்றுக்கொண்ட அளவுக்கன்றி, அஞ்சலகம் தன் சேவை எதற்கும் பொறுப்பாகாது என்கிறது அது. துரையின் தொப்பியைக் கழற்றி வீசினார்கள். துரையின் தோலைக் கழற்றவில்லை.

பழைய சட்டத்திலே இருந்த ஒன்றை விட்டுவிட்டார்கள். என்ன தெரியுமா? கடிதம் சுமக்கும் தனியுரிமையை! அன்று, “நான் மட்டுமே சுமப்பேன், ஊருக்கெல்லாம் சுமப்பேன், காசுக்குக் கடிதம் கொடுப்பேன், ஆகையால் என்னை வழக்குக்கு இழுக்காதே” என்று சொல்வதிலே ஒரு வாதமாவது இருந்தது. இன்று தனியுரிமை போயிற்று. அஞ்சலகம் பத்துப் பேரோடு பதினோராவதாகச் சந்தையிலே நிற்கிறது. விரைவு அஞ்சலுக்கும் பார்சலுக்கும் கட்டணத்தோடு 18 விழுக்காடு சரக்கு-சேவை வரியும் வாங்குகிறது. தனியாக இருந்த பதிவு அஞ்சலையும் 2025-இல் விரைவு அஞ்சலோடு சேர்த்துவிட்டார்கள். வணிகனாகக் கட்டணம் வாங்குவேன், அரசனாக விலக்குக் கேட்பேன் என்றால், தராசின் இரு தட்டிலும் தானே ஏறி நிற்பதல்லவா அது? “விரைவு” என்ற சொல்லை விற்றுவிட்டுத் தாமதத்துக்குப் பொறுப்பில்லை என்பதற்குப் பெயர் சேவையா?

இன்னும் கேளுங்கள். நீங்கள் அஞ்சலகத்துக்குக் கட்டணம் செலுத்தாமல் விட்டுவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் அதே 2023 சட்டத்திலே வழி இருக்கிறது. நிலவரிப் பாக்கியை வசூலிப்பதுபோல் உங்களிடம் வசூலிக்கலாம்! உம்மிடம் வர வேண்டிய பத்து ரூபாய்க்கு வருவாய்த்துறை. எம்மிடம் தொலைந்த பத்தாயிரத்துக்கு வருத்தம் தெரிவிக்கும் ஒரு வரி!

“பேரமைப்பு ஐயா! ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள், கோடிக்கணக்கான பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பேற்றால் சர்க்கார் என்ன ஆவது?” என்று கேட்பவர் உண்டு. அவர்களை இரயில் நிலையத்துக்கு அழைத்துச் செல்கிறேன். இரயில் யாருடையது? அதே மத்திய சர்க்காருடையது. சிறிய அமைப்பா அது? அதிலே சரக்கு தொலைந்தால், சேதமானால், சேராமற்போனால், இரயில் நிர்வாகம் பொறுப்பு என்கிறது 1989-ஆம் ஆண்டு இரயில்வேச் சட்டத்தின் 93-ஆம் பிரிவு. இயற்கைச் சீற்றம், போர் போன்ற விலக்குகள் உண்டு. தொகைக்கு வரம்பும் உண்டு. ஆனால் பொறுப்பு என்பது விதி, விலக்கு என்பது விலக்கு. உரிமை கேட்க 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனித் தீர்ப்பாயமே இருக்கிறது. அதே ஆரணிப் புடவை இரயிலிலே ஏறினால் உரிமையுள்ள பொருள். அஞ்சல் பையிலே ஏறினால் அநாதை! ஒரே சர்க்கார், ஒரே புடவை, இரண்டு நீதி! இரயில் ஓடாமல் நின்றுவிட்டதா? கடலிலே மூழ்கிவிட்டதா? ஓடிக்கொண்டுதானே இருக்கிறது!

இது இன்றைய வாதமும் அன்று. 1701-ஆம் ஆண்டிலே, இலண்டனிலே, அஞ்சலகத்திலே சேர்த்த கடிதத்திலிருந்து கருவூல உண்டியல்கள் திருடு போயின. இழந்தவர் அஞ்சல் தலைவர்கள் மீது வழக்குத் தொடுத்தார். நீதிபதிகள் நால்வர். மூவர் “பொறுப்பில்லை” என்றனர். தலைமை நீதிபதி ஹோல்ட் ஒருவர் மட்டும் “பொறுப்பு உண்டு” என்று தனித்து நின்று தீர்ப்பெழுதினார். கூலி வாங்கிப் பொருளைப் பெற்றுக்கொண்டவன் பொருளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர் கொண்ட அறம். 1778-இலும் அந்த அறம் தோற்றது. அன்றும் “பொறுப்பில்லை” என்றே தீர்ப்பு. மூவர் சொன்னது கப்பலேறி இங்கே சட்டமாக வந்தது. ஒருவர் சொன்ன நியாயம் கப்பலேறவில்லை. மூன்று நூற்றாண்டு முன்பு முடிமன்னர் நாட்டின் நீதிபதி ஒருவருக்குப் புலப்பட்ட நியாயம், குடியரசு நாட்டிலே சட்டம் எழுதுகிறவர்களுக்குப் புலப்படவில்லையே!

இனி, தனியார் பக்கம் வருவோம். “சர்க்கார் சேவை இப்படித்தான், தனியாரிடம் விடுங்கள், போட்டி வந்தால் பொறுப்பு வரும்” என்று பேசுகிறார்கள் சில மேதாவிகள். வந்ததா?

பின்னலாடை ஏற்றுமதியாளர் ஒருவர், கோடைக்கால ஆடைகளை ஜெர்மனி நாட்டு வணிகருக்கு ஏற்றிவிட்டு, அதற்கான ஆவணங்களைத் தனியார் தூதஞ்சலிலே அனுப்பினார். ஆவணம் உரிய காலத்திலே போய்ச் சேரவில்லை. கோடை யாருக்காகக் காத்திருக்கும்? பருவம் போயிற்று, விலை விழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரையிலே சென்றது. 1996-இல் தீர்ப்பு: இரசீதிலே பொறுப்பின் எல்லை 100 டாலர் என்று அச்சிட்டிருக்கிறது, அதிலே கையொப்பமும் இருக்கிறது, ஆகையால் 100 டாலர்தான்!

பார்த்தீர்களா, தோழரே? சர்க்கார் பெரிய எழுத்திலே சட்டமாகச் செய்ததைத் தனியார் சிறிய எழுத்திலே ஒப்பந்தமாகச் செய்துகொண்டார்கள். வேந்தன் காட்டிய வழியே வணிகன் நடக்கிறான். பொறுப்பேற்க மறுப்பது குற்றம் என்று தனியாரைக் கண்டிக்க டில்லிக்கு வாய் எங்கே இருக்கிறது? “உம் சட்டத்தின் 10-ஆம் பிரிவைத்தானே என் இரசீதின் முதுகிலே எழுதினேன்” என்று அவன் திருப்பிக் கேட்பானே!

நாடகம் எழுதிப் பழகிய கை. ஒரு காட்சி எழுதிக் காட்டுகிறேன். இடம்: நியாய சபை. நெசவாளர் நிற்கிறார்.

நெசவாளர்: என் புடவை எங்கே?

விற்பனைத் தளம்: நான் கடை வீதி மட்டுமே. கடைக்காரனைக் கேள்.

பார்சல் நிறுவனம்: நான் வாங்கினேன், ஏற்றினேன். கிடங்கைக் கேள்.

கிடங்கு: நான் ஒப்பந்தக்காரன். ஓட்டியவனைக் கேள்.

ஓட்டியவன்: கருவி காட்டிய வழியிலே போனேன். கருவியைக் கேள்.

கருவி: உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது. காத்திருங்கள்.

நெசவாளர்: எத்தனை நாள்?

கருவி: உங்கள் குறை தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு ஐந்து விண்மீனிலே எத்தனை தருவீர்கள்?

திரை விழுகிறது. சிரித்தீர்களா? இந்த நாடகம் நாள்தோறும் எத்தனை வீட்டிலே நடக்கிறது! தேர்வுக்கு விண்ணப்பித்த மாணவன், நேர்முக அழைப்புக்குக் காத்திருக்கும் மங்கை, மாதத்துக்கு ஒருமுறை மருந்துப் பெட்டிக்கு வழிபார்க்கும் முதியவர் – இவர்கள் எல்லாரும் இந்தக் காட்சியிலே நின்றவர்கள்தாமே? கடிதம் தாமதித்தால் ஒரு வாழ்வு ஓராண்டு தாமதிக்கிறது. அதற்குக் “கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம்” என்பது விடையாகுமா?

“காப்பீடு செய்துகொள்ளலாமே, அஞ்சலகத்திலும் அந்த வசதி இருக்கிறதே” என்பது இன்னொரு வாதம். இருக்கிறது, மறுக்கவில்லை. இடி விழுந்து எரிந்தால், வெள்ளம் வந்து அடித்துச் சென்றால், அதற்குக் காப்பீடு நியாயம். சுமப்பவன் கவனக்குறைவுக்குக் கொடுத்தவன் காசு கட்டிக் காப்பீடு எடுக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? சமையற்காரன் சோற்றிலே கல் போடுவான், நீ முன்கூட்டியே பல்லுக்குப் பணம் கட்டிவை என்பதுபோல் இருக்கிறதே!

“அப்படியானால் கட்டணம் ஏறுமே, ஏழைக்கு அது சுமையல்லவா?” என்று ஏழைக்காக உருகுவோரும் உண்டு. ஓரணா, ஈரணா மிச்சப்படுத்தித் தருகிறேன் என்று சொல்லி, ஒரு நாள் அவன் 22,000 ரூபாயைத் தூக்கிக்கொண்டு போவதுதான் மலிவுச் சேவையா? இழப்பு மறைந்துவிடுவதில்லை, தோழரே! யாரோ ஒருவர் தலையிலே விழத்தான் செய்கிறது. கோடிப் பார்சலிலே பரப்பினால் ஆளுக்குச் சில காசு. ஒரு நெசவாளன் தலையிலே இறக்கினால் அடகுக்கடை. எது நியாயம் என்று நீங்களே எடை போடுங்கள்.

நுகர்வோர் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 2019-ஆம் ஆண்டுச் சட்டம் பழையதைவிட மேலானது. வாங்கியவர் தம் ஊரிலேயே, தாம் வாழும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்கிடலாம். 5 இலட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. ஆய்வுக்கூடச் சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலே முடிக்க முயல வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளோ, முறையீட்டை 48 மணி நேரத்திலே ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்திலே தீர்க்க வேண்டும் என்கின்றன. நல்ல சொற்கள்!

ஆனால் நுணுகிப் பாருங்கள். ஒருதலையான ஒப்பந்தத்தை “நேர்மையற்ற ஒப்பந்தம்” என்று அந்தச் சட்டமே பெயரிட்டிருக்கிறது. அதைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரத்தை யாருக்குக் கொடுத்திருக்கிறது? மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்! மாவட்ட ஆணையத்துக்குக் கொடுக்கவில்லை. அதாவது, ஆரணி நெசவாளர் தம் மாவட்டத்திலே 22,000 கேட்கலாம். “இரசீதிலே கையொப்பம் இருக்கிறதே” என்று அவன் காகிதத்தை நீட்டினால், அந்த வாசகமே நேர்மையற்றது என்று முழங்க அவர் சென்னைக்கு வண்டி ஏற வேண்டும். வாளை மாவட்டத்திலே கொடுத்து, கூர்மையைத் தலைநகரிலே வைத்திருக்கிறார்கள்.

ஆகவே நாம் கேட்பது என்ன? வானத்தைக் கேட்கவில்லை. நான்கே நான்கு.

ஒன்று: அஞ்சலகச் சட்டத்தின் 10-ஆம் பிரிவிலேயே, பொறுப்பை விதியாக வகுத்து ஏற்கலாம் என்ற இடம் இருக்கிறது. நாடாளுமன்றம் கூடவும் வேண்டாம், வாக்கெடுப்பும் வேண்டாம். கவனக்குறைவால் தொலைந்த பொருளுக்கு, அனுப்பியவர் எழுதிக் கொடுத்த மதிப்பின்படி, நியாயமான வரம்புக்குள் இழப்பீடு என்று மத்திய சர்க்கார் ஒரு விதி எழுதட்டும். அஞ்சலும் இரயிலும் மத்தியப் பட்டியலிலே இருப்பவை. அதிகாரத்தை அங்கே குவித்து வைத்திருப்பவர்கள் பொறுப்பையும் அங்கேயே வைத்துக்கொள்ளட்டும்!

இரண்டு: பொருளைக் கொடுத்தபோது பெறுநரிடம் இரகசிய எண் கேட்கிறார்களல்லவா? கொடுக்கவில்லை என்று எழுதும்போதும் சான்று கேட்கட்டும். வந்ததற்கும், கதவைத் தட்டியதற்கும், அழைத்ததற்கும் அடையாளம் இல்லாமல் “கதவு பூட்டியிருந்தது” என்று எழுதப்பட்டால், அது நிறுவனத்தின் பொய் என்றே கொள்ளப்படட்டும்.

மூன்று: நேர்மையற்ற ஒப்பந்தத்தை விசாரிக்கும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு வரட்டும். இரசீதின் வாசகம் அந்த மாநிலத்து மொழியிலே, கண்ணால் படிக்கத்தக்க எழுத்திலே அச்சாகட்டும். தமிழனிடம் கையெழுத்து வாங்கும் காகிதம் தமிழிலே பேசட்டும்!

நான்கு: சுமக்கும் தொழிலாளிக்கு நாட்கூலியின் அடித்தளமும் சுமையின் மேல்வரம்பும் சட்டமாகட்டும். அவன் மூச்சு வாங்கினால்தான் நம் வாசலிலே நின்று கதவைத் தட்டுவான்.

இவை வரும் வரையிலே நாம் செய்யக்கூடியதும் உண்டு. இரசீதை எறியாதீர்கள். பொருளின் மதிப்பை இரசீதிலே எழுதச் சொல்லுங்கள். “வீடு பூட்டியிருந்தது” என்ற செய்தி வந்த நிமிடமே வாசலைப் படம் எடுத்து வையுங்கள். நுகர்வோர் உதவிக்கு 1915 என்ற எண் இருக்கிறது, அழையுங்கள். வழக்கிடத் தயங்காதீர்கள். 180 ரூபாயை வாங்கிக்கொண்டு வாய் மூடுபவர் இருக்கும் வரையில், 180 ரூபாய்தான் நம் விலை.

அந்த நெசவாளர் வாங்கவில்லை. “180 ரூபாயை என்ன செய்தீர்கள்?” என்று கேட்டேன். “திருப்பி அனுப்பிவிட்டேன், தம்பி. அதை வாங்கிக்கொண்டால், நாங்கள் இருவரும் உட்கார்ந்து நெய்ததை நானே பொய்யென்று ஒப்புக்கொண்டதாகிவிடும்” என்றார். எங்கள் வழக்கறிஞர் தோழர் மனு எழுதிக் கொடுத்திருக்கிறார். மாவட்ட ஆணையத்திலே வழக்கு நிற்கிறது. சேலத்து மணவீட்டார், தங்களுக்குப் பணம் திரும்ப வந்துவிட்ட பிறகும், பந்தலோடு எடுத்த நிழற்படத்தை அனுப்பியிருக்கிறார்கள். அதிலே நேரம் பதிந்திருக்கிறது: பிற்பகல் 3 மணி 35 நிமிடம். வாழைமரம் தெரிகிறது, பந்தற்கால் தெரிகிறது, வாசலிலே நிற்கும் முப்பது முகம் தெரிகிறது. கதவு விரியத் திறந்திருக்கிறது.

பூட்டியிருப்பது எந்தக் கதவு என்று இப்போது உங்களுக்குத் தெரியும், தோழரே. அதைத் தட்டுவோம். “பெறுநர் இல்லை” என்று உள்ளேயிருந்து பதில் வந்தாலும், திறக்கும் வரையிலே தட்டுவோம்!